கண்டதைச் சொல்லுங்கள்: செவலைக்கு வயிறு வலித்த இரவு

சென்ற ஆண்டு ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பதரை மணி இருக்கும். எங்கள் பெண்குதிரை செவலை தன் முன்காலால் லாயத்து மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பறிக்கும், நிறுத்தும், தலையைத் திருப்பி வலது விலாவைப் பார்க்கும், மேலுதட்டைச் சுருட்டும், மீண்டும் பறிக்கும். தொட்டியில் வைத்த கொள்ளு வைத்தபடியே இருந்தது. கழுத்தடியில் கை வைத்துப் பார்த்தேன். குளிர்ந்த காற்று வீசிய அந்த இரவிலும் வியர்த்திருந்தது.

என் தாத்தா பவானியில் குதிரை வண்டி ஓட்டியவர். அந்தப் பிடிப்பில்தான் நான்கு ஆண்டுகளுக்கு முன் ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் குதிரைச் சந்தையில் இந்தக் கத்தியவாரிக் குதிரையை வாங்கினேன். தாத்தா காலத்துப் பேச்சு காதில் இருந்ததால், குதிரைக்கு வயிறு வலித்தால் அது உயிர் போகும் வலி என்பது மட்டும் எனக்குத் தெரியும். மாடு அசை போடும், தேவைப்பட்டால் இரையை மேலே கொண்டுவரும். குதிரையால் வாந்தி எடுக்கவே முடியாது. இரைப்பையின் வாயிலில் உள்ள தசை அவ்வளவு இறுக்கமானது. உள்ளே போனது கீழ்வழியாகத்தான் வெளியேற வேண்டும், அந்த வழியோ இருபது மீட்டருக்கு மேற்பட்ட சிறுகுடலும், மடிந்து மடிந்து கிடக்கும் பெருங்குடலுமாக நீள்கிறது. எங்காவது அடைத்தாலும் முறுக்கினாலும் குதிரைக்கு வேறு போக்கிடம் கிடையாது.

எங்கள் பகுதிக் கால்நடை மருத்துவரை நாங்கள் டாக்டரம்மா என்றுதான் அழைப்போம். அவரிடம் வருவதில் பெரும்பகுதி மாடும் ஆடும்தான். குதிரை அத்தி பூத்தாற்போல் வரும். தொலைபேசியை எடுத்தவுடன், "குதிரைக்கு வாயு புடிச்சிருச்சுங்க, சீக்கிரம் வந்து ஒரு ஊசி போடோணுங்க" என்றேன். அவர் பதறவில்லை, கோபப்படவும் இல்லை. "வாயுவா இல்லையாங்கறதை நான் பாத்துக்கறேனுங்க. நீங்க கண்ணுல பாத்ததை மட்டும் சொல்லுங்க" என்றார். பிறகு கேள்விகள் வந்தன. கடைசியாக எப்போது லத்தி போட்டது, எத்தனை உருண்டை, இறுகியிருந்ததா இளகியிருந்ததா? தண்ணீர் எவ்வளவு குடித்தது? ஈறு என்ன நிறத்தில் இருக்கிறது? நாடி எத்தனை? மூச்சு எத்தனை? உருண்டு புரண்டதா அல்லது படுத்து எழுந்ததோடு சரியா?

ஒரு கேள்விக்கும் எனக்கு விடை தெரியவில்லை. நான்கு ஆண்டுகளாக நாள்தோறும் இரண்டு வேளை அருகில் நின்று தீனி போட்டவன், அந்தக் குதிரையின் ஈறு நலமாக இருக்கும்போது என்ன நிறம் என்பதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. எனக்குக் குதிரையைப் பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தது உண்மைதான், ஆனால் பிடித்த அளவுக்குப் பார்க்கவில்லை என்பதை அந்தத் தொலைபேசி அழைப்பில்தான் உணர்ந்தேன். அதன் பிறகு எங்கே ஒரு குதிரைக்காரரைச் சந்தித்தாலும் இதைத்தான் பேசுகிறேன். மருத்துவரிடம் ஆலோசனை கேட்பது என்பது எண்ணை அழுத்தி உதவி கோருவதோடு முடிவதில்லை. அவர் வந்து சேரும் வரை அவருடைய கண்ணும் கையும் நாம்தான்.

டாக்டரம்மா தொலைபேசியைத் துண்டிக்காமல் எனக்குக் கற்றுக்கொடுத்தார். குதிரையின் கீழ்த்தாடை எலும்பின் விளிம்பில், கன்னத்தின் தட்டையான பகுதி தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால், உட்புறமாக விரல் நுனிகளை வைத்து மெதுவாக உருட்டச் சொன்னார். மெல்லிய சணல் கயிறு போல ஒன்று விரலுக்கடியில் வழுக்கும். அதை எலும்போடு சேர்த்து லேசாக அழுத்தினால் துடிப்பு தெரியும். கட்டை விரலை வைக்கக் கூடாது, அதில் நம்முடைய நாடியே துடிக்கும். முதல் இரண்டு முறை தவறவிட்டு, மூன்றாவது முறை பிடித்தேன். பதினைந்து விநாடியில் 14 துடிப்பு, அதாவது நிமிடத்துக்கு 56. வளர்ந்த குதிரைக்கு ஓய்வில் 28 முதல் 44 வரை இருக்க வேண்டும் என்றும், 60-ஐத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தால் நிலைமை கடுமையானது என்றும் அவர் சொன்னார். மூச்சை எண்ண மூக்கைப் பார்க்க வேண்டியதில்லை, விலாவின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்தால் போதும்; நிமிடத்துக்கு 8 முதல் 16 வரை இயல்பு, செவலைக்கு 22 இருந்தது. மேலுதட்டைத் தூக்கி ஈற்றைப் பார்த்தபோது வெளிர் சிவப்பு மங்கி உலர்ந்திருந்தது. கட்டை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். மூன்று விநாடி ஆனது. கடைசியாக, உதைக்காத பக்கமாக ஒதுங்கி நின்று இரு விலாக்களிலும் மேலும் கீழும் காதை வைத்துக் கேட்கச் சொன்னார். நல்ல குடல் ஒருபோதும் ஊமையாக இருக்காதாம்; வலது மேல் விலாவில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் இறங்குவது போன்ற ஓசையே கேட்குமாம். செவலையின் இடப்பக்கம் அமைதியாக இருந்தது. வலப்பக்கத்தில் மட்டும் எங்கோ தொலைவில் உறுமுவது போல ஒரு சிறு ஓசை.

இதற்கிடையில் செய்தி கேட்டு வந்த பெரியப்பா, மாட்டுக்கு மருந்து புகட்டும் மூங்கில் குழாயில் விளக்கெண்ணெயும் பெருங்காயமும் கலந்து எடுத்து வந்துவிட்டார். அன்பினால் செய்ததுதான், அதில் ஐயமில்லை. ஆனால் தலையைத் தூக்கிப் பிடித்து வாயில் எண்ணெய் ஊற்றினால் அதில் ஒரு பங்கு மூச்சுக்குழாய்க்குள் போகக்கூடும் என்றும், வயிற்று வலியில் பிழைத்த குதிரை அப்புறம் நுரையீரல் அழற்சியில் சாவது நடப்பதுதான் என்றும் டாக்டரம்மா சொல்லித் தடுத்தார். குளிர்பதனப் பெட்டியில் பழைய வலி ஊசி மருந்து ஒரு குப்பி இருந்தது. அதைப் போடலாமா என்று கேட்டேன். அதற்கும் மறுத்துவிட்டார். வலி அடங்கினால் குதிரை அமைதியாக நிற்கும், உள்ளே குடல் முறுக்கிக்கொண்டு கிடந்தாலும் அமைதியாகவேதான் நிற்கும். பிறகு வந்து பார்க்கிறவருக்கு எது மருந்தின் அமைதி, எது நலத்தின் அமைதி என்று பிரித்தறிய முடியாது. தவிர, அந்த மருந்தைத் தசையில் குத்தினால் அரிதாகச் சில குதிரைகளுக்குக் குத்திய இடம் அழுகி உயிருக்கே ஆபத்தாவதும் உண்டு. தீனியை எடுத்துவிடுங்கள், தண்ணீர் இருக்கட்டும், புரளப் பார்த்தால் மட்டும் மெதுவாக நடத்துங்கள், களைத்துப்போகும்படி மணிக்கணக்கில் ஓட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கிளம்புவதற்கு முன் கேட்ட கடைசிக் கேள்விதான் எல்லாவற்றுக்கும் திறவுகோலாக அமைந்தது. கடந்த ஒரு வாரத்தில் குதிரைக்கு உள்ளேயோ வெளியேயோ ஏதாவது மருந்து கொடுத்தீர்களா என்றார். இல்லை என்றுதான் முதலில் சொன்னேன். பொய் சொல்லவில்லை, உண்ணி மருந்தை நான் மருந்துக் கணக்கில் சேர்த்திருக்கவே இல்லை. "உண்ணிக்கு அடிச்சீங்களா?" என்று அவரே கேட்டபோதுதான் வெள்ளிக்கிழமை மாடுகளுக்குத் தெளித்த கையோடு மிச்சமிருந்த கரைசலைச் செவலைக்கும் தெளித்தது நினைவுக்கு வந்தது. பாட்டிலை எடுத்து வந்து விளக்கடியில் படித்தேன். அமிட்ராஸ். மாடுகளின் உண்ணிக்கு நன்றாக வேலை செய்யும் மருந்து அது. குதிரைக்கோ அது குடலின் அசைவைத் தளர்த்தி, ஓரிரு நாளில் பெருங்குடலில் தீனி அப்படியே கெட்டித்து அடைத்துக்கொள்ளச் செய்யும். குதிரைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று சீட்டின் அடியில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. உடனே சோப்புப் போட்டு உடம்பு முழுவதும் கழுவிவிடச் சொன்னார். இரவு பத்தரை மணிக்கு நானும் என் மனைவியும் வெந்நீர் கலந்து செவலையைக் கழுவினோம்.

அவர் வந்து சேர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. மூக்கின் வழியாக நீண்ட குழாயை இரைப்பைக்குள் செலுத்தி, முதலில் உள்ளிருந்து நீர் திரும்பி வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை, அதை நல்ல அறிகுறி என்றார். பிறகு தோள்வரை கையுறை போட்டு ஆசனவாய் வழியாகக் கையை விட்டுச் சோதித்தார். பெருங்குடல் மடியும் இடத்தில், இடது கீழ்ப்பக்கம், பிசைந்த மாவு போல ஒரு திரட்சி கைக்குத் தட்டுப்பட்டதாகச் சொன்னார். அந்த மடிப்பில் குடல் சட்டென்று குறுகுவதால் அடைப்புக்கு அதுதான் வழக்கமான இடமாம். குழாய் வழியாகத் திரவ பாரஃபினும் உப்புக் கரைத்த நீரும் செலுத்தினார், நரம்பில் குளுக்கோஸ் அல்லாத உப்புநீர்ப் புட்டிகள் ஏற்றினார், தானே பார்த்துவிட்டதால் வலிக்கும் இப்போது ஊசி போட்டார். அறுவை சிகிச்சை செய்யவேண்டிய நிலை வந்தால் அதற்கான வசதி அருகில் இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். அந்த நேர்மைக்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

செவலை லத்தி போட்டது செவ்வாய்க்கிழமை விடியற்காலை. எண்ணெய் பூசிய ஐந்து உருண்டைகள், வெளிச்சத்தில் பளபளத்தன. நானும் பெரியப்பாவும் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.

அதற்குப் பிறகு நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி லாயத்தின் தூணில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். வாரம் ஒருநாள் காலையில், தீனிக்கு முன், நாடி, மூச்சு, உடல் வெப்பம் மூன்றையும் குறிப்பேன். வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் சரி. பழைய வெப்பமானியில் அது 99.5 முதல் 101.3 பாரன்ஹீட். செவலையின் ஓய்வு நாடி 36 என்று இப்போது எனக்குத் தெரியும். அப்படியானால் அன்று கண்ட 56 அதன் வழக்கத்தைவிட 20 கூடுதல். இன்னொரு குதிரைக்கு 42 வழக்கமாக இருந்தால் அதே 56 அவ்வளவு அச்சம் தர வேண்டியதில்லை. நூலில் உள்ள எண்ணைவிட நம் குதிரையின் சொந்த எண் மருத்துவருக்கு அதிகம் பேசும் என்பதை டாக்டரம்மாவே சொன்னார். ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை லத்தி போடுவது இயல்பு. காலையில் கூட்டும்போது குவியல்களை எண்ண அரை நிமிடம் போதும்.

எடையையும் குறித்து வைத்திருக்கிறேன். குடற்புழு மருந்து, ஊசி எல்லாமே கிலோ கணக்கில்தான் கொடுக்கப்படுகின்றன. நம் ஊரிலோ எடை மேடை குதிரைக்குக் கிடைப்பதில்லை. தையற்காரர் நாடாவால் முன்கால்களுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை அளந்து, அதே எண்ணால் பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோவில் எடை வந்துவிடும். செவலைக்குச் சுற்றளவு 160 சென்டிமீட்டர், நீளம் 150. கணக்குப் போட்டால் 323 கிலோ. அதுவரை நான் எல்லோரிடமும் நானூறு கிலோ என்று சொல்லிக்கொண்டிருந்தேன், அந்தக் கணக்கில்தான் மருந்தும் போயிருக்கிறது.

இந்த ஆண்டு அந்தியூர் சந்தையில் மூன்று நாள் இருந்தேன். குதிரை வைத்திருக்கும் இளைஞர்கள் இப்போது மிகுந்திருக்கிறார்கள். மார்வாரியும் கத்தியவாரியும் நொக்ராவும் ஆசையாக வாங்குகிறார்கள், அலங்காரத்துக்குக் கணக்குப் பார்ப்பதில்லை. ஆனால் நோய் என்று வந்தால் பெரும்பாலும் மருந்துக்கடையில் கேட்டோ, கைப்பேசியில் அனுப்பிய படத்தைப் பார்த்து எவரோ சொன்னதை வைத்தோ மருந்து கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு அவர்கள்மேல் வருத்தமே தவிரக் கோபமில்லை, ஏனென்றால் நானும் அப்படியே இருந்தவன். ஒரு தம்பி தன் குதிரைக்குக் கண்ணில் நீர் வடிகிறது என்று வீட்டில் மிச்சமிருந்த கண் மருந்தை விட்டிருந்தான். வாங்கிப் பார்த்தேன், ஸ்டீராய்டு கலந்தது. கருவிழியில் கீறல் இருந்தால் அது புண்ணை ஆழப்படுத்தி, பார்வையையே பறித்துவிடக்கூடும். கீறல் உண்டா இல்லையா என்பதைச் சாயம் விட்டுப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல முடியும். அன்றே கால்நடை மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொன்னேன், போனான்.

இன்னொருவர் குதிரை நடக்க மறுக்கிறது, வாயு காலில் இறங்கிவிட்டது என்றார். என்ன கண்டீர்கள் என்று கேட்டேன். முன்னங்கால்களை முன்னே நீட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்து நிற்கிறது, குளம்பு கைக்குச் சுடுகிறது, முந்தின நாள் கொள்ளு மூட்டையை அவிழ்த்து வயிறு முட்டத் தின்றுவிட்டது என்றார். வாயு என்ற ஒரு சொல்லுக்குள் இவ்வளவு ஒளிந்திருந்தது. இந்த மூன்றையும் இதே வரிசையில் தொலைபேசியில் சொல்லியிருந்தால் எந்தக் கால்நடை மருத்துவரும் குளம்பின் உட்தகட்டு அழற்சி என்று உடனே ஐயப்பட்டு, குளம்புகளை ஐஸ் நீரில் நிறுத்தச் சொல்லிவிட்டு விரைந்து வந்திருப்பார். வாயு என்று சொன்னதால் இரண்டு நாள் வீணாகியிருந்தது. அந்த நோயில் இரண்டு நாள் என்பது மிக நீண்ட காலம்.

நொண்டலுக்குப் படம் அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் நின்ற நிலையில் எடுத்து அனுப்புகிறார்கள். நிற்கிற குதிரையில் நொண்டல் தெரியாது. கெட்டித் தரையில், கயிற்றைத் தளர்வாகப் பிடித்து, நடையிலும் துள்ளோட்டத்திலும், முன்னிருந்தும் பின்னிருந்தும் பக்கவாட்டிலும் காணொளி எடுக்க வேண்டும். வலிக்கும் முன்கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும், நல்ல கால் படும்போது தாழும். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் இந்த அசைவே மறைந்துவிடும். குளம்பில் ஆணி ஏறியிருந்தால், பிடுங்குவதற்கு முன் எந்த இடத்தில், எந்தச் சாய்வில், எவ்வளவு ஆழம் என்று ஒரு படம் எடுத்து மருத்துவருக்குக் காட்டிவிட வேண்டும். பிடுங்கிய பின் துளை மூடிக்கொள்ளும், பிறகு யாராலும் அதைச் சொல்ல முடியாது. வில்வாத நோய்க்கு, நாம் டெட்டனஸ் என்கிறோமே அதற்கு, குதிரையைப் போல எளிதில் ஆட்படும் வீட்டு விலங்கு வேறில்லை. ஆகவே தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டது என்பதும் நோட்டில் இருக்க வேண்டும்.

எங்கள் பக்கம் கோழிப்பண்ணை நிறைந்த பகுதி என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். கோழித் தீவனத்திலும் சில மாட்டுத் தீவனங்களிலும் மோனென்சின் போன்ற மருந்துகளைச் சேர்ப்பதுண்டு. கோழிக்கு அது காப்பு, குதிரைக்கு இதயத் தசையைக் கெடுக்கும் நஞ்சு. கொஞ்சம்தானே என்று எண்ணவே கூடாது. உடல் எடையில் கிலோவுக்கு இரண்டு மூன்று மில்லிகிராமே குதிரையைக் கொன்றுவிடும். குதிரை திடீரென்று தள்ளாடினாலோ வியர்த்து விழுந்தாலோ, தீவன மூட்டை எங்கிருந்து வந்தது, அதே வண்டியில் வேறென்ன ஏற்றினார்கள் என்பதுவரை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

புதிதாக வாங்கிய குதிரையைப் பழைய குதிரையோடு உடனே கட்டாமல் சில வாரங்கள் தனியே வைத்திருங்கள். மூக்கில் கெட்டியாகச் சளி ஒழுகினாலோ, கால்களிலும் தோலிலும் முடிச்சு முடிச்சாகப் புண் வந்தாலோ அரசுக் கால்நடை மருத்துவருக்கு அன்றே தெரிவியுங்கள். அது கிளாண்டர்ஸாக இருக்கலாம், மனிதருக்கும் தொற்றும் நோய் அது. 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைத் தெரிவிப்பது கட்டாயம். இரத்த மாதிரி ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் வரை போகும். பயந்து மறைத்து விற்றுவிடுகிறவர், வாங்குகிறவரின் குழந்தைகளையும் சேர்த்து ஆபத்தில் தள்ளுகிறார்.

இரவில் உள்ளூர் மருத்துவர் கிடைக்காவிட்டால் 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணை அழைக்கலாம். அழைத்தவுடன் குதிரை என்பதை முதல் சொல்லாகச் சொல்லிவிடுவது நல்லது. மாட்டுக்கு என்று எண்ணிக் கிளம்பினால் அவர்கள் கையில் மூக்குக்குழாய் இல்லாமல் போகலாம்.

போன வாரம் கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து, சந்தையில் பழக்கமான அந்தக் கண் மருந்துத் தம்பி இரவு பதினொரு மணிக்கு அழைத்தான். "அண்ணா, நாடி 48, மூச்சு 14, ஈறு நல்லாத்தான் இருக்குது, மத்தியானத்துல இருந்து லத்தி ரெண்டு தரந்தான் போட்டுச்சு. மருந்து எதுவும் கொடுக்கலீங்க" என்றான். டாக்டரம்மாவின் எண்ணைக் கொடுத்தேன். நான் சொல்ல வேண்டியது வேறு எதுவும் இருக்கவில்லை.